யாரும் அழுத்தாமல் அடித்த காலிங் பெல்

செங்கோட்டையில் மேற்குப் பார்த்த வாசல் வைத்திருப்பவர்களுக்கு ஜூன் பிறந்தால் சுவரைப் பற்றித்தான் கவலை. ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற சாரல் கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. நாள் முழுக்கச் சுவரில் அப்பிக்கொண்டே இருக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன். எங்களுக்கோ துணி காயாத, தீப்பெட்டி உரசாத, சுவிட்ச் போர்டு வியர்க்கிற காலம். காலிங் பெல் மாற்றப் போன சின்ன வேலை எங்கள் வீட்டில் பெரிதாக இழுத்துக்கொண்டு போனதற்கு இந்தச் சாரல்தான் பாதிக் காரணம். மீதிப் பாதி, என்றைக்கோ யாரோ போட்டுவிட்டுப் போன வயரிங்.

எங்கள் வீடு திருவிதாங்கூர் காலத்தது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன்பே கட்டியது. கல்லும் சுண்ணாம்பும் வைத்த தடித்த சுவர். கரண்ட் பிற்பாடு வந்தது. மரச்சட்டத்தில் வயர் ஓட்டி, வாசல் சுவரில் ஒரு மரப்பெட்டியைப் பதித்து, அதில் பெல் சுவிட்சை வைத்திருந்தார்கள்.

பழைய பெல் 'டிங் டாங்' ரகம். செப்புக் கம்பிச் சுருளுக்குள் ஓர் இரும்புத் தண்டு இருக்கும். பட்டனை அழுத்தினால் சுருள் காந்தமாகித் தண்டை இழுத்து ஒரு தகட்டில் அடிக்கும், அது டிங். விரலை எடுத்தால் ஸ்ப்ரிங் தண்டைத் திருப்பித் தள்ளி அடுத்த தகட்டில் அடிக்கும், அது டாங். முதலில் டாங் போயிற்று. அப்புறம் டிங்கும் போய், அழுத்தினால் 'ம்ம்ம்' என்ற முனகல் மட்டும் மிஞ்சியது. முனகல் கேட்கிறதென்றால் கரண்ட் வருகிறது, சுருளும் அறுந்துவிடவில்லை, சிக்கியிருப்பது தண்டுதான். மூடியைக் கழற்றினால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது, தண்டில் துரு. "அதைக் கட்டிக்கிட்டு அழாம புதுசு ஒண்ணு வாங்கிருங்க" என்றாள் மனைவி. தென்காசிக் கடையில் ஒரு மியூசிக் பெல்லும், ராத்திரியில் தெரியட்டும் என்று சின்னச் சிவப்பு விளக்கு எரிகிற பெல் சுவிட்சும் கொடுத்தார்கள்.

மாட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை. டெஸ்டரை முதலில் எரிகிற பாயின்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மெயினை அணைத்து, பிறகு பெல் பாயின்டில் வைத்து இருளாக இருப்பதை உறுதி செய்து, இரண்டு வயர் உள்ளே, இரண்டு வயர் வெளியே. அழுத்தினால் பாடியது. வேலை முடிந்தது என்று ஏணியை மடக்கி வைத்தாயிற்று.

அன்றைக்கு ராத்திரியே தொடங்கிவிட்டது. முழுப் பாட்டு இல்லை. 'கீ' என்று ஒரு கீற்று, பாட்டின் முதல் இரண்டு சுரம், அப்புறம் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'கீ'. எழுந்துபோய்க் கதவைத் திறந்தால் தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும். முதலில் தெருப் பையன்கள் மேல் பழி விழுந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி அவள் பேரனையே கூப்பிட்டு நாலு வாங்கு வாங்கினாள். பாவம், அவன் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் கவனித்தது அந்த இடைவெளியை. கன்னாபின்னா என்று அடிக்கவில்லை, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் அடித்தது. லூஸ் கனெக்‌ஷன் என்றால் இப்படி ஒழுங்கு இருக்காது. ஒழுங்காக விட்டுவிட்டு வருகிறதென்றால் உள்ளே ஏதோ மெதுவாக நிரம்பி, நிரம்பியதும் காலியாகிறது என்று பொருள். சொட்டுகிற குழாயடியில் வைத்த செம்பு நிறைந்து வழிகிற மாதிரி. மின்சாரத்தில் அந்தச் செம்பு கண்டென்சர்தான்.

மலிவான மியூசிக் பெல்லைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 230 வோல்ட்டை இறக்க உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கண்டென்சர் கரண்டைக் கட்டுப்படுத்தும், நாலு டையோடு அதை டி.சி. ஆக்கும், இன்னொரு கண்டென்சர் சேர்த்து வைக்கும், மூன்று வோல்ட் சுமாரில் பாடுகிற ஒரு சின்ன ஐ.சி. சில்லு இருக்கும். மூன்று கால் வைத்த யூஎம்66 இந்த வேலைக்குப் பல காலமாகப் பேர்போனது. இந்த ஐ.சி.க்கள் மிகக் கொஞ்சம்தான் குடிக்கும். மில்லி ஆம்பியரில் ஒரு துளி கிடைத்தாலும் வாயைத் திறந்துவிடும்.

அந்தத் துளி எங்கிருந்து வருகிறது? சுவிட்சில் எரிகிற சிவப்பு விளக்கிலிருந்து. அது ஒரு நியான் விளக்கு. சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே, ஒரு ரெசிஸ்டரோடு உட்கார்ந்திருக்கும். பட்டனை யாரும் அழுத்தாதபோது விளக்கு எரிகிறதே, அந்தக் கரண்ட் எங்கே போகிறது என்று யோசித்தால் போதும்: பெல் வழியாகத்தான் போகிறது, வேறு வழி கிடையாது. அளவு ஒரு மில்லி ஆம்பியர் அக்கம்பக்கம். பழைய டிங் டாங்கின் சுருளை அது அசைக்கக்கூட முடியாது. அதனால் அந்தக் காலத்தில் யாருக்கும் தொல்லை இல்லை. எலக்ட்ரானிக் பெல்லுக்கு அதுவே விருந்து. அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்மினுக்கென்று மின்னுகிறது என்று சிலர் சொல்வார்களே, அங்கேயும் பல சமயம் இதே கதைதான்.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம், பெல்லுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றைப் போடுவது. எல்.இ.டி. பல்புக்கு அது பல இடத்தில் கேட்கும். பெல்லுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கண்டென்சரின் தடை சுமார் 32 கிலோ ஓம். ஒரு மில்லி ஆம்பியர் அதில் ஓடினால் குறுக்கே 32 வோல்ட் நிற்கும். மூன்று வோல்ட்டில் பாடுகிறவனுக்கு 32 வோல்ட்டைக் காட்டிவிட்டு 'சும்மா இரு' என்றால் இருப்பானா? விளக்கைக் கழற்றுவதுதான் வழி. சுவிட்சைப் பிரித்து நியானின் காலை வெட்டினேன். சிவப்பு வெளிச்சம் போயிற்று, கீச்சும் போயிற்று.

இடையில் என் மைத்துனர் நியூ ஜெர்சியிலிருந்து வீடியோ காலில் வந்தார். அங்கே அவர் வீட்டு பெல்லைத் தானே மாற்றிய அனுபவஸ்தர். "அத்தான், முதல்ல உங்க டிரான்ஸ்ஃபார்மர்ல எத்தனை வோல்ட் வருதுன்னு பாருங்க" என்றார். இங்கே ஏது டிரான்ஸ்ஃபார்மர்? தெருமுனையில் இருக்கிற ஒன்றுதான். அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட்டைப் பெரும்பாலும் 16 வோல்ட்டாக இறக்கித்தான் பெல்லுக்கும் பட்டனுக்கும் அனுப்புவார்கள். அதனால் அங்கே எடுக்கிற வீடியோக்களில் ஆசாமி வெறுங்கையால் வயரைப் பிடித்து முறுக்குவான். நம் வீட்டு பெல் வயரில் ஓடுவது நேரடி 230 வோல்ட். அதைப் பார்த்துவிட்டு இங்கே செய்யக் கூடாது. ஒரு வீடியோ டோர்பெல் வாங்கி அனுப்பட்டுமா என்றும் கேட்டார். அதில் 16-லிருந்து 24 வோல்ட் ஏ.சி. என்று போட்டிருக்கும். அதை நம் பெல் வயரில் மாட்டினால் முதல் நொடியிலேயே புகை. வேண்டாம் என்றுவிட்டேன்.

வெயிலடித்த நாட்களில் பெல் அமைதியாக இருந்தது. சாரல் இறங்கிச் சுவர் ஊறியதும் விடிகாலையில் மறுபடியும் 'கீ'. நியான் இல்லை, பையன்கள் இல்லை. இந்த முறை ஆச்சியும் யார் பேரையும் சொல்லவில்லை.

மல்டிமீட்டரை பெல் பாயின்டில் வைத்தேன். பட்டன் அழுத்தாத நிலையில் எண்பது, நூறு என்று எண் தாவிக்கொண்டிருந்தது. இதை வைத்து ஒரு முடிவுக்கும் வரக் கூடாது. டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட எதையும் குடிக்காது. பக்கத்து வயரிலிருந்து தூண்டலில் ஏறுகிற பொய் வோல்ட்டேஜைக்கூட நிஜம் மாதிரிக் காட்டும். இதற்கு எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கிற ஆயுதம் டெஸ்ட் லேம்ப்: ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு வயர். அதையும் சேர்த்து வைத்தால் மீட்டர் எண் விழுந்துவிட்டது. ஆக, வருவது பலமான சப்ளை இல்லை, ஒரு கசிவு. எங்கிருந்து கசிகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

தெரிந்தது டெஸ்டரால். பெல்லை மாட்டிய நிலையிலேயே, யாரும் அழுத்தாதபோது, அதன் முதல் முனையைத் தொட்டேன், எரிந்தது. இரண்டாம் முனையைத் தொட்டேன், அதுவும் எரிந்தது. முறையான வயரிங்கில் ஃபேஸ், அதாவது கரண்ட் வருகிற வயர், சுவிட்சுக்குப் போய்விட்டு பெல்லுக்கு வர வேண்டும். அழுத்தாதவரை பெல்லில் டெஸ்டர் எரியக் கூடாது. இங்கே ஃபேஸ் நேராக பெல்லுக்கு வந்து, பெல்லைத் தாண்டி வாசல் சுவிட்சுக்குப் போய், அங்கே திரும்பிப் போகிற வயரான நியூட்ரலைத் தொடுகிறது. அதாவது சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. இத்தனை வருஷமும் அப்படியே ஓடியிருக்கிறது. பெல் அடித்துக்கொண்டிருக்கும்வரை யார் போய்ப் பார்ப்பார்கள்?

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியை, வயரின் கசிவைச் சோதிக்கிற மெகர் கருவியோடு வரச் சொன்னேன். புனலூர் வரைக்கும் வேலைக்குப் போகிறவர், சாரல் சுவர்களின் குணம் தெரிந்தவர். மெயினை அணைத்து, பெல்லையும் கழற்றிவிட்டார். மெகர் 500 வோல்ட் தள்ளும், எலக்ட்ரானிக் பெல்லை வைத்துக்கொண்டு சோதித்தால் பெல் போய்விடும். அப்புறம் பெல்லிலிருந்து சுவிட்சுக்குப் போகிற வயருக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தார். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. ஊறிய சுவரில் எங்களுடையது 0.2 காட்டியது. அவர் மரப்பெட்டிக்குள் டார்ச் அடித்தார். செத்த எறும்புகள், பல்லி எச்சம், பச்சைப் பூத்த பித்தளை முனைகள், பெட்டியின் பின்பலகையில் ஈரம் ஏறிய கறுப்புத் தடம்.

"இதுதான் உங்க திருடன்" என்றார். "வயரு சுவத்தைத் தொட்டுக்கிட்டு இருக்குல்லா."

230 வோல்ட்டுக்கு 0.2 மெகா ஓம் என்றால் ஒரு மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். நியான் விளக்கு கொடுத்துக்கொண்டிருந்த அதே அளவு! விளக்கை வெட்டியெறிந்தேன், ஈரச் சுவர் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபேஸ், பெல், வயர், ஈரம், சுவர், பூமி என்று ஒரு சுற்று முழுமையாகிறது. பட்டனுக்கு இதில் வேலையே இல்லை. மெயின் போர்டில் கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, அது ஏன் விழவில்லை என்று கேட்டேன். ஒரு மில்லி ஆம்பியரையெல்லாம் அது சட்டை செய்யாது. ஆளைக் கொல்லும் கசிவுக்குத்தான் அது காவல்.

அண்ணாச்சியின் தீர்வு நேரானது. உள்ளே ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டு, வாசலில் புது பி.வி.சி. பெட்டி வைத்துவிடுவது. அப்படிச் செய்தால் பெல் தானாக அடிக்காது, உண்மைதான். கசிவு பெல் வழியாகப் போகாமல் நேரே சுவருக்குப் போய்விடும். ஆனால் வாசலில் இருக்கிற சுவிட்சுக்கு அப்போது ஃபேஸ் நேரடியாக வந்து நிற்கும். சாரலில் நனைந்த விரலோடு பால்காரர் அழுத்துகிற இடம் அது. "வெளிச்சுவர்ல 230 வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "அப்ப ரிமோட் பெல்லு வாங்கிப் போடுங்க" என்றார். ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டியும் பார்த்தோம். முன்னறையில் அடித்தது, இந்தத் தடிச் சுவர்களைத் தாண்டி அடுக்களைக்கு எட்டவில்லை. போதாததற்கு அந்தப் பட்டனுக்குள்ளும் பேட்டரி, அந்தப் பேட்டரிக்கும் இதே ஈரம்.

கடைசியில் நான் போட்டது ஒரு ரிலே, அதாவது சின்ன வோல்ட்டில் சுருள் காந்தமாகி 230 வோல்ட்டைச் சேர்த்துவிடுகிற சுவிட்ச். பழைய வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் அலமாரியில் கிடந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 12 வோல்ட் ரிலே, சர்க்கரைக் கட்டி அளவில் நீலமாக இருக்குமே, அது ஒன்றும் 1என்4007 டையோடு ஒன்றும் வாங்கினேன். அடாப்டரின் பிளஸ், ரிலேயின் சுருள், அங்கிருந்து வாசல் பட்டன், பட்டனிலிருந்து அடாப்டரின் மைனஸ். வாசலுக்குப் போவது 12 வோல்ட் மட்டும். ரிலேயின் மறுபக்கத்தில் காமன் முனைக்கு ஃபேஸ், அழுத்தினால் சேர்கிற முனையிலிருந்து பெல்லுக்கு. நியூட்ரல் பெல்லுக்கு நேராக. டையோடைச் சுருளுக்குக் குறுக்கே, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் அழுத்திய உடனே அடாப்டர் ஷார்ட் ஆகிவிடும். சுருளை விடும்போது எதிர்த்து எழுகிற வோல்ட்டேஜை விழுங்குவது இந்த டையோடின் வேலை. இது இல்லாவிட்டால் பட்டனின் முனைகள் பொறி பறந்து சீக்கிரம் கருகும்.

இந்த ரிலேயின் சுருள் சுமார் 400 ஓம். 12 வோல்ட்டில் அது 30 மில்லி ஆம்பியர் குடிக்கும். ஊறிய சுவரின் அதே 0.2 மெகா ஓம், 12 வோல்ட்டில் 0.06 மில்லி ஆம்பியர்தான் கசியவிடும். சுவர் இனி எவ்வளவு ஊறினாலும் ரிலே திரும்பிக்கூடப் பார்க்காது. மைத்துனரிடம் சொன்னபோது "நாங்க முதல்லேயே இப்படித்தானே அத்தான் வச்சிருக்கோம்" என்றார். சரி, இருக்கட்டும்.

பழைய வயரையே வாசலுக்குப் பயன்படுத்தினேன். ஆனால் அதன் உள்முனை இரண்டையும் 230 பக்கத்திலிருந்து அடியோடு பிரித்து, வேறு எதனோடும் சேரவில்லை என்று டெஸ்டராலும் மெகராலும் பார்த்த பிறகுதான். ரிலேயை ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டியில் வைத்து, 230 வயர் ஒரு ஓரமாகவும் 12 வோல்ட் வயர் மறு ஓரமாகவும் நுழையவிட்டு, '12 வோல்ட், வாசல்' என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது இதைத் திறந்தால் குழம்பக் கூடாது.

வாசலில் மரப்பெட்டியைப் பெயர்த்தெடுத்து, குழியைச் சிமெண்டால் அடைத்து, மேலே ஒட்டுகிற பி.வி.சி. பெட்டி வைத்தோம். வயர் மேலிருந்து இறங்கி நுழையாமல், கீழே தொங்கி வளைந்து அடிப்பக்கமாக மேலேறி நுழைகிறது. தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மேலும் பக்கவாட்டிலும் சிலிக்கான் பூசினோம், அடிப்பக்கம் மட்டும் பூசவில்லை. நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டையும் போட்டாயிற்று. எறும்பு வரும் என்று அண்ணாச்சி சொன்னதால் அந்த ஓட்டைக்கு மேல் கொசுவலைத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது.

ரிலே வந்தபின் உள்ளே எந்த பெல் என்பது பிரச்சினையே இல்லை. குளவிக்கூட்டைச் சுரண்டி, தண்டின் துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பென்சில் கரியைத் தூளாக்கித் தடவினேன். எண்ணெய் போட்டால் தூசி சேர்ந்து மறுபடியும் பிசுக்குப் பிடிக்கும். டிங் டாங் எழுந்துகொண்டது. அதை அடுக்களைப் பக்கம் மாட்டி, மியூசிக் பெல்லை முன்னறையில் விட்டு, இரண்டையும் ரிலேயின் ஒரே முனையிலிருந்து இணைத்திருக்கிறேன். புழக்கடையில் துவைத்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு இப்போது டிங் டாங் கேட்கிறது. முன்பு யாராவது போய்க் கூப்பிட வேண்டும்.

இனி பாக்கி இருப்பது இன்வெர்ட்டர் லைன். சாரல் காலத்தில் கிளை முறிந்து விழுந்து கரண்ட் போவது இங்கே சகஜம், போனால் பெல்லும் போகிறது. அடாப்டரையும் ரிலேக்கு வருகிற ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து இன்வெர்ட்டர் பக்கம் மாற்ற வேண்டும். ஃபேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலை மெயினிலேயே விட்டால் ஆர்.சி.சி.பி. விழும் என்று அண்ணாச்சி எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். சுவர் கொஞ்சம் காய்ந்ததும் செய்யலாம் என்று வைத்திருக்கிறேன்.